சகலைக்கு வாங்கிய நரம்பு

என் மனைவியின் தங்கையைக் கட்டியவன் ஆரணிக்குக் குடிவரும் வரைக்கும், எங்கள் தெருவில் தூண்டில்காரன் என்றால் அது நான் ஒருவன்தான். நான் பட்டு நெய்கிறவன். தறியில் ஏற்றிய ஒரு பாவு நூல் நெய்து முடிந்து முதலாளி வீட்டிலிருந்து அடுத்த பாவு வருவதற்குள் இரண்டு நாளோ மூன்று நாளோ தறி சும்மா நிற்கும். அந்த நாட்களில் மூங்கில் கழியை சைக்கிளில் கட்டிக்கொண்டு ஏரிக்குப் போய்விடுவேன். ஜிலேபி, கெண்டை, எப்போதாவது ஒரு கெளுத்தி கிடைக்கும். ஒரு வேளைக் குழம்புக்கு ஆகும். திரும்பி வரும்போது தெருவில் இருக்கிறவர்கள் பையை எட்டிப் பார்த்து, "இன்னிக்கி இன்னா மாட்டுச்சி?" என்று கேட்பார்கள். மீனைவிட அந்தக் கேள்விதான் எனக்குப் பிடிக்கும்.

சகலை என்னைவிட ஏழு வயது சின்னவன். பால் கம்பெனி வண்டி ஓட்டுகிறவன். விடியற்காலையில் கிளம்பி கண்ணமங்கலம், வேலூர் என்று சுற்றிவிட்டுப் பத்து மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவான். அதற்கு மேல் நாள் முழுக்க அவனுடையது. முதல் பொறாமை எனக்கு அதில்தான் வந்தது. நான் தறிப் பள்ளத்தில் காலைத் தொங்கவிட்டு மிதித்துக்கொண்டிருக்கும்போது அவன் குளித்து, சாப்பிட்டு, தலை வாரி, வாசலில் வந்து நின்று, "இன்னாணா, வேலையா?" என்பான். கேட்கும்போது சிரிப்பான். அவன் எதற்கும் சிரிப்பான்.

ஒரு நாள், "ணா, நானும் ஏரிக்கு வரட்டுமா? வூட்ல குந்திகினு பேஜாரா கீது" என்றான். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? கூட்டிக்கொண்டு போனேன். தூண்டில் முள் கட்டத் தெரியவில்லை, கட்டிக் கொடுத்தேன். புழு கோக்கத் தெரியவில்லை, அதையும் செய்தேன். அன்றைக்கு அவனுக்கு ஒன்றும் மாட்டவில்லை. சைக்கிளை மிதித்துக்கொண்டு வரும்போது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அடுத்த வாரம் நான் தறியில் இருந்தபோது அவன் தனியாகப் போனான். அதற்கடுத்த நாளும் போனான். எனக்குப் பதினைந்து நாளைக்கு ஒரு தரம் கிடைக்கிற ஏரி அவனுக்குத் தினமும் கிடைத்தது. இரண்டே மாதத்தில் எந்த மேட்டில் எந்த நேரத்தில் எது மேயும் என்று எனக்கே சொல்ல ஆரம்பித்துவிட்டான். தவளைக்குஞ்சைக் கோத்து, ஆகாயத்தாமரை ஓரமாகத் தட்டித் தட்டி விரால் பிடிக்கக் கற்றுக்கொண்டான். பதினெட்டு வருஷமாகத் தூண்டில் போடும் நான் அதுவரை மூன்றே மூன்று விரால் பிடித்திருந்தேன். அவன் ஒரு மாதத்தில் ஐந்து பிடித்தான். பிடித்த ஒவ்வொன்றையும் முழங்கையோடு சேர்த்து வைத்து போட்டோ எடுத்து குடும்ப குரூப்பில் போடுவான். என் மனைவி போனை என் முகத்துக்கு நேராக நீட்டி, "பாருங்களேன், தொடை கனம் கீது" என்பாள்.

"உம்" என்பேன். அதற்கப்புறம் ஒரு மணி நேரத்துக்கு என் தறியில் இழை அறுந்துகொண்டே இருக்கும். கோபத்தில் மிதித்தால் பட்டு பொறுக்காது.

எங்கள் மாமனார் முள்ளிப்பட்டில் இருக்கிறார். அவரும் நெசவுக்காரர்தான். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மகள்களும் குடும்பத்தோடு அங்கே போவது வழக்கம். நான் மாப்பிள்ளையாகி அப்போது பதினான்கு வருஷம். எத்தனையோ தரம் மீன் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். "முள்ளு ஜாஸ்தி" என்பதைத் தவிர அவர் வாயிலிருந்து வேறு வார்த்தை வந்ததில்லை. சகலை முதல் தடவை விரால் கொண்டுபோன அன்றைக்குக் குழம்பை வழித்து நக்கினார். "சின்ன மாப்பிள்ளைக்குக் கை ராசி" என்றார். மாமியார் தலைப் பகுதியை எடுத்து அவன் தட்டில் வைத்தார். என் தட்டில் வாலுக்கு மேலே ஒரு துண்டு இருந்தது. அதில் தப்பு ஒன்றும் இல்லை, நல்ல சதைத் துண்டுதான். ஆனால் அதை இன்றைக்கும் என்னால் வரைந்து காட்ட முடியும்.

இதில் கொடுமை என்னவென்றால் அவன் நல்லவன். இரண்டு மீன் கிடைத்தால் ஒன்றைக் கவரில் போட்டு எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுப்பான். "ணா, நீங்க பழக்கிவுட்டதுதானே" என்று எல்லார் முன்னாலும் சொல்வான். கொஞ்சம் திமிர் காட்டியிருந்தால் அவனை வெறுக்க எனக்கு ஒரு காரணம் கிடைத்திருக்கும்.

அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்து ஏரி நிரம்பியது. மதகுப் பக்கம் ஒரு பெரிய விரால் இருக்கிறது என்று பேச்சு வந்தது. மாடு குளிப்பாட்டுகிறவர்கள் பார்த்திருந்தார்கள். சகலை இரண்டு தரம் அதைத் தூண்டிலில் மாட்டி, இரண்டு தரமும் தூண்டில் நரம்பு அறுந்து விட்டுவிட்டான். அது சாதாரண நரம்பு, கெண்டைக்குப் போடுவது.

நான் மூக்குக்கண்ணாடி மாற்ற வேலூர் போக இருந்தேன். முந்தின நாள் அவன் வந்து தறிமேடையில் கை ஊன்றி நின்றான்.

"ணா, வேலூர்ல நல்ல நரம்பா பாத்து ஒரு ரோல் வாங்கியாந்து குடுங்கணா. நான் போனா கடைக்காரன் எத குடுத்தாலும் தலையாட்டிகினு வருவேன். நூல பாத்து எடுக்கறதுல உங்க கைக்கு மிஞ்சின கை ஏது?"

அவன் சொன்னது நிஜம். இருட்டில் கொடுத்தால்கூடப் பட்டு இழையை நகத்தில் உருவிப் பார்த்து எங்கே பலவீனம் என்று சொல்லிவிடுவேன். அவனிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது என்று அவனே ஒப்புக்கொண்ட நாள் அது. எனக்கு அது இனித்திருக்க வேண்டும். ஆனால் அந்தப் பெரிய மீன் அவன் முழங்கையோடு போட்டோவில் நிற்பதுதான் என் கண்ணில் வந்தது.

வேலூரில் வலை, கயிறு, தூண்டில் சாமான் விற்கிற ஒரு சின்னக் கடை. ஒரு அம்மா இருந்தார். விராலுக்கு என்றதும் மூன்று ரோல்களை எடுத்து வைத்தார். நான் ஒவ்வொன்றிலும் ஒரு முழம் உருவினேன். நரம்பை முதலில் கண்ணால் பார்க்கக் கூடாது. கட்டைவிரல் நகத்துக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மெல்ல இழுக்க வேண்டும். எங்காவது சொரசொரப்பு தட்டினால் அந்த இடத்தில்தான் அறும். பிறகு சுருளை விட்டுவிட்டு அது எப்படி விழுகிறது என்று பார்க்க வேண்டும். ஸ்பிரிங் மாதிரி சுருண்டுகொண்டே இருந்தால் தண்ணீரிலும் அப்படித்தான் நிற்கும். கடைசியாக ஒரு முடிச்சுப் போட்டு, எச்சிலில் நனைத்து, இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டு இழுக்க வேண்டும். நரம்பு நடுவில் அறுவது அபூர்வம். முடிச்சில்தான் அதன் உண்மையான பலம் தெரியும். இரண்டு ரோல் முடிச்சில் பட்டென்று போனது. மூன்றாவது என் உள்ளங்கையில் கோடு போட்டதே தவிர அறவில்லை.

"இது ரெண்டு ரோல் குடுங்கம்மா" என்று, அவனுக்கு ஒன்று எனக்கு ஒன்றாகக் கேட்க வாயெடுத்தேன். அப்போதுதான் கடை முகப்புக் கண்ணாடிக்குள் அதே கம்பெனி, அதே நம்பர் ரோல் ஒன்று தொங்குவதைப் பார்த்தேன். அட்டை மட்டும் கொஞ்சம் வெளுத்திருந்தது.

"அத ஒண்ணு எடுங்க" என்றேன்.

"அது வேணாங்க. அங்க மாட்டி ரெண்டு வருஷம் ஆவுது. வெயில் பட்டு உளுத்துப் போயிருக்கும். சும்மா ஆளுங்க பாக்கறதுக்கு வெச்சது."

"மீனுக்கு இல்லம்மா. வூட்டாண்ட அவரைப் பந்தல் கட்ட."

அந்தப் பொய் அவ்வளவு லேசாக வந்தது. அவர் எட்டி எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார்.

ஊருக்கு வரும் பஸ்ஸில் நல்லது ஒன்று, வெளுத்தது ஒன்று என இரண்டு ரோலும் மடியில் இருந்தன. இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, நல்லதை அவனுக்குக் கொடுத்துவிட்டு இதைப் பந்தலுக்கே கட்டிவிடலாம் என்று கண்ணமங்கலம் வரைக்கும் நினைத்தேன். ஆரணி பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது அவன் வண்டியோடு காத்திருந்தான். "மாமா உங்கள கூட்டினு வரச் சொன்னாரு, முள்ளிப்பட்டுல சாப்பாடு" என்றான். மாமனார் என்னைக் கூப்பிட என்றைக்கும் என் போனுக்குப் பேசியதில்லை. அவனிடம்தான் சொல்கிறார். "நரம்பு வாங்கினீங்களாணா?" என்று கேட்டான். "வூட்ல வெச்சி குடுக்கறேன்" என்றேன்.

மறுநாள் மனைவி கடைக்குப் போயிருந்தபோது, வெளுத்த ரோலை எடுத்து ஒரு துணியில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தேன். சாயம் மங்கிய பட்டுக்குக்கூட எண்ணெய் கொஞ்ச நேரத்துக்கு ஒரு பளபளப்புக் கொடுக்கும். நரம்பும் புதுசு மாதிரி ஆனது. அதை அவனுக்குக் கொடுத்தேன். அவன் உருவிக்கூடப் பார்க்கவில்லை. "சூப்பர்ணா" என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேரும் மதகுக்குப் போனோம். மாமனாரும் வேடிக்கை பார்க்க வந்து குடையை விரித்துக்கொண்டு கரையில் உட்கார்ந்தார். சகலை மதகுக் கல்லின் படியில் நின்று தவளைக்குஞ்சைத் தட்டினான். நான் இருபதடி தள்ளி, கெண்டைக்குப் போட்டுவிட்டு அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அரை மணி நேரம் கூட ஆகவில்லை. தண்ணீர் குழிந்தது. மூங்கில் வில்லாக வளைந்தது. "ணா! ணா! ஜல்தி வாங்கணா!" என்று கத்தினான். பக்கத்தில் மாமனார் இருந்தும் என்னைத்தான் கூப்பிட்டான். நான் எழுந்தேன். ஓடவில்லை. அந்த மீன் ஒரு தரம் மேலே வந்து புரண்டது. அவ்வளவு பெரிய விராலை அந்த ஏரியில் நான் பார்த்ததே இல்லை. அவன் பின்னால் சாய்ந்து முழு பலத்தோடு இழுத்தான். நரம்பு அறுந்தது.

அறுந்த அந்தக் கணத்தில் எனக்கு வந்தது சந்தோஷம். மறைக்காமல் சொல்கிறேன். நெஞ்சு நிறைந்த சந்தோஷம்.

மறு கணம் அவன் மல்லாக்க விழுந்தான். கையை ஊன்றியது கல் படியில். எழுந்து உட்கார்ந்து முதலில் சிரித்தான். அப்புறம் மணிக்கட்டைப் பார்த்தான். அது ஒரு பக்கமாகத் திரும்பி இருந்தது. முகம் வெளுத்துவிட்டது.

அவன் ஓட்டி வந்திருந்த என் மச்சினியின் வண்டியில் அவனைப் பின்னால் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். வலியில் அவன் நெற்றியை என் முதுகில் வைத்துச் சாய்ந்திருந்தான். குழி வரும்போதெல்லாம் முனகினான். நடுவில் ஒரு இடத்தில், "நரம்பு மேல தப்பு இல்லணா. நல்ல நரம்பு. நான்தான் அவசரப்பட்டு இழுத்துட்டேன்" என்றான். என் முதுகோடுதான் பேசினான். முகம் தெரியாதது எனக்கு வசதியாக இருந்தது.

எலும்பு முறிந்திருந்தது. மாவுக்கட்டுப் போட்டார்கள். வண்டி ஓட்டக் கூடாது என்றார்கள். கம்பெனியில் அவன் ரூட்டுக்கு வேறு ஆளைப் போட்டார்கள். மச்சினி வாசலில் உட்கார்ந்து அவன் சட்டையின் ஒரு கையைப் பிரித்து மாவுக்கட்டு நுழைகிற மாதிரி தைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். நான் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

அதோடு நான் ஏரியை மறந்திருக்க வேண்டும். மறக்கவில்லை. இரண்டு வாரம் கழித்துப் பாவு முடிந்ததும், மூன்று நாளும் மதகுப் படியில் போய் நின்றேன். அவன் நின்ற அதே படி. அவன் தட்டிய அதே மாதிரி தட்டினேன். எனக்கு அந்த மீன் வேண்டும். அவனுக்குக் கிடைக்காதது எனக்குக் கிடைத்தது என்று ஊர் சொல்ல வேண்டும். மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு மாட்டியது. என் நரம்பு விண்ணென்று நின்றது. கால் மணி நேரம் போராடிக் கரையில் இழுத்துப் போட்டேன். பையில் போடவில்லை. செவுளில் கயிறு கோத்து சைக்கிள் ஹேண்டிலில் தொங்கவிட்டு, கடைத்தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தேன். "இன்னா மாட்டுச்சி?" என்று கேட்க ஒருவருக்கும் தேவை இருக்கவில்லை.

மனைவி கொல்லையில் சாம்பல் போட்டு மீனைக் கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தாள். மாமனாருக்குப் போன் போட்டிருந்தேன், சாப்பிட வருகிறேன் என்றிருந்தார்.

"இன்னாங்க, இங்க வாங்க" என்று கூப்பிட்டாள்.

மீனின் தாடையில் என் முள்ளைத் தவிர இன்னொரு முள் இருந்தது. அதைச் சுற்றிச் சதை கறுத்துப் போயிருந்தது. அதிலிருந்து ஒரு சாண் நரம்பு தொங்கியது. அவள் கையைக் கழுவிவிட்டு அந்த நரம்பை இரண்டு விரலால் பிடித்து இழுத்தாள். அறுந்தது. மிச்சத்தை இழுத்தாள். அதுவும் அறுந்தது. அவள் வருஷக்கணக்காக எனக்குத் தறியில் குறுக்கே ஓடுகிற ஊடைப் பட்டு சுற்றித் தருகிறவள். அவள் விரலுக்கும் தெரியும்.

"ரெண்டு ரோலும் நீங்கதானே வாங்கியாந்தீங்க?"

"ஆமா."

"உங்களுது இவ்ளோ பெரிய மீன இழுத்துச்சி. இது இன்னாத்துக்கு முடி மாதிரி அறுது?"

"கடையில ஏமாத்திட்டாங்க."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "உங்கள நூல்ல ஒருத்தர் ஏமாத்த முடியுமா?"

  அவள் குனிந்து மீனைத் துண்டு போட ஆரம்பித்தாள். கத்தி கல்லில் படும் சத்தம் வழக்கத்தைவிடப் பலமாக இருந்தது.

மாமனார் வந்தார். மனைவி தலைப் பகுதியை என் தட்டில் வைத்தாள். மாமனார் ஒரு வாய் சாப்பிட்டு, "இது மீனு, பெரிய மாப்பிள்ளை. இதுக்குப் பேருதான் மீனு" என்றார். பதினான்கு வருஷம் காத்திருந்த வார்த்தை. மனைவி சமையல்கட்டு வாசலில் நின்று, நான் அதை எப்படி வாங்கிக்கொள்கிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். சோற்றைப் பிசைந்தேன். வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. வயிறு சரியில்லை என்று எழுந்துவிட்டேன். அவள் அன்றைக்குக் குழம்பைத் தொடவே இல்லை, ரசம் ஊற்றிக்கொண்டு சாப்பிட்டாள்.

அவர் போன பிறகு, "நீங்களே போயி சொல்லிடுங்க. நான் சொல்ற மாதிரி வெச்சிக்காதீங்க. அப்புறம் என் தங்கச்சி மொகத்துல முழிக்க முடியாது" என்றாள்.

அன்று சாயங்காலமே போனேன். சகலை கட்டிலில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தான். "கேள்விப்பட்டேன்ணா, புடிச்சிட்டீங்களாமே! போட்டோ கூட போடல" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் சொல்லிவிட்டேன். கண்ணாடிக்குள் தொங்கிய ரோல், கடைக்கார அம்மா சொன்னது, எண்ணெய், எல்லாவற்றையும். ஒன்றையும் விடவில்லை.

அவன் ரிமோட்டை எடுத்து டிவியை நிறுத்தினான். இடது கையால் அதைச் செய்ய அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"இன்னாத்துக்குணா?"

"பொறாமை."

"என் மேலயா?" அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை. "எங்கிட்ட இன்னா கீதுன்னு?"

என்னவென்று சொல்வேன்? மத்தியான நேரம். மாமனாரின் போன். மீன் தலை. வாய்விட்டுச் சொன்னால் சிரிப்பாக இருக்கும்.  அவன் மாவுக்கட்டைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். முதல் தடவையாக அவன் முகத்தில் சிரிப்பு இல்லாமல் பார்த்தேன். அது வேறு ஆள் முகம் மாதிரி இருந்தது.

"எழுந்து போங்க" என்றான். நான் உட்காரவே இல்லை என்பதை அவன் கவனிக்கவில்லை.

மச்சினி கையில் காபி டம்ளரோடு உள்வாசலில் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். டம்ளரோடு திரும்பி உள்ளே போய்விட்டாள்.

கட்டுப் பிரித்த பிறகும் அவனுக்கு அந்த ரூட் திரும்பக் கிடைக்கவில்லை. இப்போது வந்தவாசி பக்கம் ஓட்டுகிறான். அது தூரம், வர மத்தியானம் ஆகிவிடும். குளிர் காலத்தில் மணிக்கட்டு வலிக்கிறது என்று மச்சினி அக்காவிடம் சொல்கிறாள். விஷயம் மாமனார் காதுக்கும் போய்விட்டது. அவர் என்னைத் திட்டவில்லை. முள்ளிப்பட்டில் இப்போது யாரும் மீன் பேச்சை எடுப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை போனால் கோழிதான்.

ஒரு வருஷத்துக்கு மேல் அவன் என்னோடு பேசவில்லை. எதிரே வந்தால் போனைப் பார்ப்பான். தீபாவளிக்கு மனைவியும் நானும் போனபோது பின்வாசல் வழியாக வெளியே போய்விட்டான். நான் ஏரிக்குப் போவதை நிறுத்தவில்லை. ஆனால் மதகுப் பக்கம் போவதில்லை.

அவன் இப்போது வேலையில் கூட இருக்கும் மூன்று பேரோடு தூண்டில் போடப் போகிறான். வந்தவாசிப் பக்கத்து ஏரிகளுக்கு பைக்கில் போகிறார்கள். போட்டோவில் நாலு பேரும் தோளில் கை போட்டுக்கொண்டு நிற்கிறார்கள், அவன் நடுவில் சிரித்துக்கொண்டு. மனைவி அதைக் காட்டுவதில்லை, நானே எடுத்துப் பார்க்கிறேன். மீனை நான் பார்ப்பதில்லை. அந்த மூன்று பேரைத்தான் பார்க்கிறேன். ஒருவன் அவனுக்கு முள் கட்டிக் கொடுத்திருப்பானோ என்று தோன்றும். பொறாமை என்னை விட்டுப் போய்விட்டது என்று சொன்னால் அது இன்னொரு பொய். அது ஆள் மாறிவிட்டது, அவ்வளவுதான்.

போன மாதம் ஒரு காலையில் கரையில் உட்கார்ந்திருந்தேன். முந்தின நாள் நல்ல மழை. கரை மேல் இரண்டு பைக் வந்தன. இரண்டாவதில் பின்னால் உட்கார்ந்திருந்தவன் அவன். வண்டி என்னைத் தாண்டிப் போய் நின்றது. அவன் இறங்கவில்லை. தலையை மட்டும் திருப்பி, ஏரியைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"தண்ணி கலங்கி கீதுணா. இன்னிக்கி ஒண்ணும் மாட்டாது. வெயில் ஏறதுக்குள்ள வூட்டுக்குப் போங்க."

நான் பதில் சொல்வதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. அவன் சொன்ன மாதிரி எழுந்து போகவில்லை. மத்தியானம் வரைக்கும் அங்கேயே இருந்தேன். ஒன்றும் மாட்டவில்லை.